அண்டாவும் ஜெனரேட்டரும் ஒரே வம்சம்

வாடகைப் பாத்திரக் கடைக்கு மென்பொருள் எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டு போன முதல் நாள், கடைக்கார அண்ணன் ஒரு நீள நோட்டை எடுத்து முன்னால் போட்டார். தேதி, பார்ட்டி, சாமான், எண்ணிக்கை, வாடகை, கடைசியில் குறிப்பு. இவ்வளவுதான் கட்டங்கள். அண்டா என்றால் குறிப்பில் ‘பித்தளை, 20 படி’. ஷாமியானா என்றால் ‘30க்கு 60’. ஜெனரேட்டர் என்றால் ‘62.5, சர்வீஸ் ஆச்சு’. ஏழெட்டு வகைச் சாமானையும் அந்த ஒற்றைக் குறிப்புக் கட்டம் தாங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பொருள்நோக்கு நிரலாக்கத்தைக் கரைத்துக் குடித்திருந்த காலம் அது. வீட்டுக்கு வந்து பைத்தான் மொழியில் ‘பொருள்’ என்று ஒரு தாய் கிளாஸ் (ஒரு வகைச் சாமானுக்கான அச்சு) எழுதினேன். பெயர், வாடகை, இருப்பு மூன்றும் எல்லாச் சாமானுக்கும் பொது என்பதால் அவை தாயிடம். அதன் கீழே பாத்திரம், நாற்காலி, பந்தல், லைட், சவுண்ட், மணமேடை, ஜெனரேட்டர் என்று ஏழு பிள்ளைகள். பாத்திரத்துக்கு உலோகமும் படியும். பந்தலுக்கு நீள அகலம். ஜெனரேட்டருக்குக் கேவிஏயும் (அதன் திறன் அளவு) அடுத்த சர்வீஸ் தேதியும். வரைந்து பார்த்தால் குலதெய்வக் கோயில் சுவரில் எழுதி வைத்த வம்சாவளி மாதிரி அழகாக இருந்தது.

இந்த வம்சாவளியை டேட்டாபேஸில் (தகவலை டேபிள் டேபிளாகச் சேமிக்கும் இடத்தில்) எப்படி வைப்பது என்பதற்கு வழக்கத்தில் மூன்று வழிகள் உண்டு. 2002இல் மார்ட்டின் ஃபவுலர் அவற்றுக்குப் பெயர் வைத்தார், இன்றுவரை அந்தப் பெயர்களே புழங்குகின்றன. எல்லாரையும் ஒரே டேபிளில் போட்டு, வகை என்று ஒரு காலம் (நோட்டின் கட்டம் போன்ற நெடுவரிசை) வைப்பது முதல் வழி. தாய்க்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று தனித்தனி டேபிள் போட்டு, பிள்ளையின் பிரைமரி கீயே (ஒவ்வொரு வரிசைக்கும் உள்ள அடையாள எண்) தாயைச் சுட்டும் ஃபாரின் கீயாகவும் (இன்னொரு டேபிளின் வரிசையைச் சுட்டும் எண்) இருக்கும்படி செய்வது இரண்டாவது. தாய்க்கு டேபிளே இல்லாமல், ஒவ்வொரு பிள்ளையும் தாயின் காலங்களையும் தானே சுமந்து தனிக்குடித்தனம் போவது மூன்றாவது. மூன்றாவதில் ஆர்டர் வரியிலிருந்து (ஆர்டரில் சாமானுக்கு ஒரு வரி) ‘ஏதோ ஒரு பொருள்’ என்று ஃபாரின் கீ போட இடமில்லை. எல்லாச் சாமானையும் பட்டியலிட ஏழு டேபிளையும் யூனியன் ஆல் போட்டு ஒட்ட வேண்டும். அதனால் அதை நான் யோசிக்கவே இல்லை. முதல் வழியில் ஜெனரேட்டரின் கேவிஏ காலம் அண்டாவின் வரிசையில் காலியாகக் கிடக்கும். அது எனக்கு அசிங்கமாகப் பட்டது. இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன்.

கிளாஸையும் டேபிளையும் இணைத்துத் தரும் ஓ.ஆர்.எம். நூலகம் எஸ்கியூஎல் ஆல்கெமி, அடியில் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். தாய் கிளாஸில் வகைக் காலம் எது என்று சொல்லி, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் அடையாளச் சொல்லைக் கொடுத்துவிட்டால் போதும். ஒரு ஜெனரேட்டரைச் சேமித்தால் அதுவே பொருள் டேபிளில் ஒரு இன்சர்ட், ஜெனரேட்டர் டேபிளில் ஒரு இன்சர்ட் என்று இரண்டாகப் பிரித்துப் போட்டுவிடும். முதல் வாரம் முழுக்க மந்திரம் போல இருந்தது.

அந்த மந்திரத்துக்குள்தான் என் வினை ஒளிந்திருந்தது. நிரலில் ‘ஜெனரேட்டர்’ என்பது ஒரே சொல். டேட்டாபேஸில் அப்படி ஒரு சாமானே கிடையாது. பெயரும் வாடகையும் ஒரு டேபிளில், கேவிஏ இன்னொன்றில் என்று இரண்டு பாதிகள்தான் இருக்கின்றன. அந்தச் சொல்லை எங்கே உச்சரித்தாலும் இரண்டு பாதியையும் யாராவது சேர்த்துத் தைக்க வேண்டும். சில இடங்களில் ஓ.ஆர்.எம். தைக்கிறது. சில இடங்களில் நீ தைத்திருப்பாய் என்று நம்பி விட்டுவிடுகிறது. எந்த இடத்தில் எது என்று தெரியாமலே ஆறு மாதம் நான் குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) எழுதிக்கொண்டிருந்தேன்.

2018 தை மாதம். அண்ணன் கேட்டது சின்ன விஷயம்: “தம்பி, வர்ற வாரம் 25 கேவிஏக்கு மேல ஜெனரேட்டர் எடுத்த பார்ட்டி யாரு யாருன்னு ஒரு லிஸ்ட் குடுங்க. டீசல் சொல்லி வைக்கணும்.”

எழுதினேன். ஆர்டரிலிருந்து வரிக்கு ஒரு ஜாயின் (இரண்டு டேபிளைச் சேர்ப்பது), வரியிலிருந்து பொருளுக்கு ஒரு ஜாயின். அதற்கு மேல் ஒரு ஃபில்டர்: ஜெனரேட்டரின் கேவிஏ 25க்கு மேல். படித்தால் நல்ல தமிழ் வாக்கியம் போலத்தான் இருக்கிறது. ஓடியது, பிழை எதுவும் வரவில்லை. திரையில் 14 ஆர்டர்கள்.

சாயங்காலம் போன். “கிரகப்பிரவேசத்துக்கு நூறு பேர் சாப்பாடு, அதுக்கு எதுக்குத் தம்பி அறுபத்திரண்டரை கேவிஏ? காதுகுத்துக்காரரும் லிஸ்ட்ல இருக்காரு.”

அந்த வாரத்து மொத்த ஆர்டரே 14தான். எல்லாமே லிஸ்டில் வந்திருந்தன. ஓ.ஆர்.எம். டேட்டாபேஸின் மொழியில் அனுப்பிய எஸ்கியூஎல்லை முதன்முறையாகப் பொறுமையாகப் படித்தேன். படிக்கத் தோதாகத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன் (ஃப்ரம் என்றால் எந்த டேபிளிலிருந்து, ஆன் என்றால் எதை வைத்து ஒட்டுவது, வேர் என்றால் எந்த நிபந்தனையில்):

ஃப்ரம் ஆர்டர்
ஜாயின் வரி ஆன் வரி.ஆர்டர்_ஐடி = ஆர்டர்.ஐடி
ஜாயின் பொருள் ஆன் பொருள்.ஐடி = வரி.பொருள்_ஐடி,
ஜெனரேட்டர்
வேர் ஜெனரேட்டர்.கேவிஏ > 25

மூன்றாவது வரியின் கடைசியில் இருக்கும் கமாவைப் பாருங்கள். நான் ஜாயின் போட்டது தாய் டேபிளுக்கு. ஃபில்டரில் பிள்ளையின் காலத்தைத் தொட்டேன். அந்தக் காலம் இருக்கும் டேபிள் ஃப்ரம் பகுதியில் இல்லையே என்று ஓ.ஆர்.எம். அதையும் கொண்டுவந்து ஒரு கமாவுக்கு அப்பால் உட்கார வைத்துவிட்டது. வரியில் உள்ள பொருளுக்கும் அந்த ஜெனரேட்டருக்கும் எந்த ஒட்டும் உறவும் இல்லை. கடையில் எங்கோ ஒரு பெரிய ஜெனரேட்டர் இருந்தால் போதும், ஊரில் உள்ள எல்லா ஆர்டரும் தேறிவிடும். இந்தப் பக்கத்து ஒவ்வொரு வரிசையும் அந்தப் பக்கத்து எல்லா வரிசையோடும் சேரும் இதற்குக் கார்டீசியன் பெருக்கம் என்று பெயர்.

இதில் என்னைக் குத்தியது வேறொன்று. திரையின் மேலே ‘மொத்தம் 234’ என்று காலையிலிருந்தே இருந்தது. கீழே 14 வரிசை. கவுண்டில் ஏதோ சில்லறைக் கோளாறு, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டிருந்தேன். 14 ஆர்டருக்கும் சேர்த்து 117 வரிகள். கடையில் 25க்கு மேல் இரண்டு ஜெனரேட்டர்கள். 117ஐ இரண்டால் பெருக்கினால் 234. டேட்டாபேஸ் எனக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறது. எஸ்கியூஎல் ஆல்கெமியின் பழைய குவெரி முறையில், ஒரே ஒரு கிளாஸைக் கேட்டால் திரும்ப வரும் ஆப்ஜெக்ட்களில் ஒன்றே மறுபடி வந்தால் அதைச் சத்தமில்லாமல் வடிகட்டிவிடும். கவுண்ட் மட்டும் டேட்டாபேஸில் எண்ணுவதால் வடிகட்டலுக்குத் தப்பித்துவிடும். ஒரே குவெரிக்கு இரண்டு எண்கள் வந்தால் அதில் பெரியதை நம்பு என்று அன்றைக்கு மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டினேன். 2.0 பதிப்பின் புது செலக்ட் முறையில் இந்தத் தானியங்கி வடிகட்டல் இல்லை. வேண்டுமென்றால் யுனிக் என்று நாமே கேட்க வேண்டும். நல்ல காரியம். 2021இல் வந்த 1.4 இன்னும் ஒரு படி போய், இப்படி ஒட்டாத டேபிள் இருந்தால் கார்டீசியன் பெருக்கம் என்று லாகில் எச்சரிக்கவே செய்கிறது. அதற்கு மாறிய அன்று என் நிரலில் இதே தப்பு இன்னும் மூன்று இடத்தில் இருப்பது தெரிந்தது. மூன்றுமே யாரும் எட்டிப் பார்க்காத ரிப்போர்ட்டுகள் என்பதால் பிழைத்தேன்.

திருத்தம் ஒரே சொல்தான். வரியிலிருந்து பொருளுக்கு ஜாயின் போடும் இடத்தில், ‘பொருள்தான், ஆனால் ஜெனரேட்டர் வகை’ என்று சொல்ல ஆஃப் டைப் என்று ஒன்று இருக்கிறது. அதைச் சேர்த்ததும் எஸ்கியூஎல் இப்படி ஆனது:

ஜாயின் (பொருள் ஜாயின் ஜெனரேட்டர் ஆன் பொருள்.ஐடி = ஜெனரேட்டர்.ஐடி) ஆன் பொருள்.ஐடி = வரி.பொருள்_ஐடி

அடைப்புக்குள் இரண்டு பாதியையும் தைத்து ஒரே துணியாக்கி, பிறகு வரியோடு சேர்க்கிறது. லிஸ்டில் 3 ஆர்டர், மேலே மொத்தம் 3. இந்த அடைப்பு வடிவம் எஸ்கியூஎல் ஆல்கெமிக்கு 2013இல் 0.9 பதிப்போடு வந்தது. அதற்கு முன்னால் இதே வேலைக்கு அடைப்புக்குள் முழு செலக்ட் ஒன்றைப் போட்டுச் சுற்றும். பழைய மைஎஸ்கியூஎல் அதில் மாட்டிக்கொண்டு முக்கும். பழைய சிஸ்டம் ஏதாவது உங்கள் கையில் வந்து, லாகில் ‘அனான்_1’ என்று பேர் தெரியாத ஆசாமி நடமாடினால் அது இந்த மாதிரிப் போர்வைதான்.

அடுத்து அண்ணன் கேட்டது: “ஜெனரேட்டரும் பந்தலும் சேர்த்து எடுத்தவங்க.” ஒரே வாக்கியம். ஆனால் விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் வரி டேபிள் இரண்டு முறை வர வேண்டும், பொருள் டேபிள் இரண்டு முறை வர வேண்டும், பிள்ளைகள் தலைக்கு ஒரு முறை. ஜெனரேட்டரின் தாய்ப் பாதி வேறு வரிசை, பந்தலின் தாய்ப் பாதி வேறு வரிசை. ஒரே பொருள் வரிசை இரண்டுமாக இருக்க முடியாது. கிளாஸ் பெயர்கள் வேறுவேறாக இருப்பதால் நிரலைப் படிக்கும்போது டேபிளும் வேறு என்றே கண் நம்பிவிடுகிறது. வம்சாவளிப் படத்தில் தனித்தனிக் கிளையாக நின்றவர்கள் டேட்டாபேஸில் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எனவே வரிக்கு இரண்டு அலியாஸ் (மாற்றுப் பெயர்), பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு அலியாஸ். பிள்ளைக்கு அலியாஸ் வைக்கும்போது ஃப்ளாட் என்பதை ட்ரூ என்று கொடுத்தால் தாய், பிள்ளை இரண்டு டேபிளுக்கும் உள்ளேயே தனித்தனிப் பெயர் வைத்துவிடும். நாமாக வைக்காமல் விட்டால் 1.4 முதல் ஓ.ஆர்.எம். தானே ஒரு அலியாஸ் போட்டுக்கொண்டு, டேபிள்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுவதால் இப்படிச் செய்தேன், இது பழைய பழக்கம் என்று முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்பைப் பார்த்தும் பேசாமல் போகாதீர்கள். ஃபில்டரில் நீங்கள் தொடுவது எந்தப் பிரதி என்ற குழப்பத்தின் ஆரம்பம் அது.

பைத்தானிலேயே ஜாங்கோ என்ற வேறு ஓ.ஆர்.எம். பக்கம் இருக்கும் ஆட்கள் இங்கே சிரிக்க வேண்டாம். உங்களிடமும் இதே கதைதான், வேறு வேஷத்தில். வரி, பொருள், ஜெனரேட்டர், கேவிஏ என்று இரட்டை அடிக்கோடு போட்டுக்கொண்டே போனால் ஜாயினைத் தானே சரியாகத் தைத்துவிடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜெனரேட்டர் நிபந்தனையையும் பந்தல் நிபந்தனையையும் ஒரே ஃபில்டர் அடைப்புக்குள் போட்டால், ஒரே வரி இரண்டுமாக இருக்க வேண்டும் என்று அர்த்தம். பதில் பூஜ்யம். இரண்டு ஃபில்டராகச் சங்கிலி போட்டால்தான் இரண்டு தனி ஜாயின். அதோடு ‘பொருள்’ என்று கேட்டால் ஜாங்கோ வெறும் பொருளைத்தான் தரும், அது எந்தப் பிள்ளை என்று நீங்கள்தான் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்க வேண்டும். ஜாவாவின் ஓ.ஆர்.எம். ஆன ஹைபர்நேட்காரர்களுக்கு, குவெரிக்குள்ளேயே பிள்ளையாகப் பாவித்துப் பேச ட்ரீட் என்ற சொல் 2013இல் ஜேபிஏ 2.1 உடன்தான் ஜாவாவின் தரத்துக்குள் வந்தது.

இப்போது லோடு சீட்டுக் கதை.

ராத்திரி லாரி ஏற்றுகிற பையன்களுக்கு ஒரு சீட்டு போகும்: இந்த ஆர்டருக்கு இன்னின்ன சாமான், இத்தனை எண்ணம். எல்லா வகையும் அதில் வர வேண்டும் என்பதால் தாயோடு பிள்ளை டேபிள்களையெல்லாம் லெஃப்ட் ஜாயினில் (ஜோடி இல்லாத வரிசையையும் விடாமல் வைக்கும் ஜாயின்) இழுத்துவரும் வித் பாலிமார்ஃபிக் என்ற வசதியைப் பயன்படுத்தியிருந்தேன். ஒரு நாள் அண்ணன், சர்வீஸ் தேதி தாண்டின ஜெனரேட்டர் சீட்டிலேயே வரக் கூடாது என்றார். நியாயம். ஒரு வரி சேர்த்தேன்: ஜெனரேட்டர்.சர்வீஸ்_தேதி விசேஷத் தேதிக்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். ஜெனரேட்டர் மட்டும் எடுத்திருந்த ஒரு ஆர்டரில் சோதித்தேன். தேதி தாண்டினது போய்விட்டது, மற்றது நின்றது. மதியமே சர்வரில் ஏற்றிவிட்டு வந்துவிட்டேன்.

ராத்திரி ஒன்பது நாற்பதுக்குப் போன். அண்ணன் குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

“தம்பி, சீட்டுல ஜெனரேட்டர் மட்டும்தான் வந்திருக்கு.”

“மத்ததெல்லாம் அண்ணே?”

“அதைத்தான் நானும் கேக்குறேன். அண்டா எங்க, நாற்காலி எங்க? பழைய ஆளா இருந்தா சீட்டைத் தூக்கிப் போட்டுட்டு ஏத்தியிருப்பான். இன்னைக்கு வந்தது புதுப் பையன். சீட்டுல உள்ளதை மட்டும் ஏத்திட்டுக் கிளம்பிட்டான். மண்டபத்துல சமையல்காரர் உக்காந்திருக்காரு, விடிஞ்சா முகூர்த்தம்.”

இரண்டு குட்டியானை பிடித்து மீதிச் சாமானை அனுப்பினார். வாடகையை என்னிடம் கேட்கவில்லை. நானாகக் கழித்துக்கொண்டேன்.

என்ன நடந்தது என்றால், அண்டாவின் வரிசையில் ஜெனரேட்டர் பாதி கிடையாது. லெஃப்ட் ஜாயின் அந்த இடத்தில் நல் (மதிப்பே இல்லை என்ற குறி) வைக்கிறது. நல்லைத் தேதியோடு ஒப்பிட்டால் விடை உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை, இன்னொரு நல். வேர் பகுதி உண்மை என்று வந்ததை மட்டும்தான் உள்ளே விடும். குவெரியை டேட்டாபேஸ் எப்படி ஓட்டுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் போட்டுப் பார்த்தபோது ஜெனரேட்டருக்கு ‘ஹாஷ் லெஃப்ட் ஜாயின்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ‘ஹாஷ் ஜாயின்’ என்று இருந்தது. எப்படியும் நல் வரிசை தேறாது, பிறகு லெஃப்ட் எதற்கு என்று போஸ்ட்கிரெஸின் பிளானரே கணக்குப் போட்டு அதைக் கழற்றிவிட்டிருக்கிறது. எனக்குத் தெரியாத ஒன்று அதற்கு அந்த மதியமே தெரிந்திருக்கிறது.

லெஃப்ட் ஜாயினின் நிபந்தனையை வேரிலிருந்து ஆனுக்கு நகர்த்து என்பது எல்லாரும் சொல்லும் கைமருந்து. இந்த நோய்க்கு அது கேட்காது. ஆன் பகுதிக்கு நகர்த்தினால் அண்டா திரும்ப வரும், கூடவே சர்வீஸ் தாண்டின ஜெனரேட்டரும் கேவிஏயும் தேதியும் நல்லாகத் திரும்ப வரும், ஏனென்றால் அதன் தாய்ப் பாதி அங்கேயே நிற்கிறது. இங்கே வேண்டியது வேரிலேயே இரண்டு வாய்: ஜெனரேட்டர்.ஐடி நல்லாக இருக்க வேண்டும், அல்லது சர்வீஸ் தேதி பிந்தையதாக இருக்க வேண்டும். அதாவது ‘நீ ஜெனரேட்டரே இல்லை என்றால் போ, ஜெனரேட்டர் என்றால் காகிதத்தைக் காட்டு.’ தாயைக் கேட்டு, ஒரு பிள்ளைக்கு மட்டும் நிபந்தனை வைக்கும் எந்தக் குவெரிக்கும் இந்த முதல் வாய் தேவை. கிளாஸ் உலகத்தில் இதை எழுதவேண்டிய அவசியமே இல்லாததால் விரல் பழகுவதில்லை.

வேகத்தைப் பற்றியும் கொஞ்சம். வெறுமனே ‘பொருள்’ என்று வாங்கி, லூப்பில் ஒவ்வொன்றின் படியையோ கேவிஏயையோ தொட்டால், தொடும்போதெல்லாம் மீதிப் பாதிக்கு ஒரு செலக்ட் போகும். நூறு சாமானுக்கு நூற்றி ஒன்று. அதற்குப் பயந்து ஏழு பிள்ளையையும் எப்போதும் லெஃப்ட் ஜாயின் போட வைத்தால் ஆர்டர், வரி, பொருள் சேர்த்து பத்து டேபிள். போஸ்ட்கிரெஸில் ஜாயின் கொலாப்ஸ் லிமிட் என்ற அமைப்பு இயல்பாக 8. அதற்கு மேல் போனால் நாம் எழுதிய வரிசையை முழுதாகக் கலைத்துப்போட்டு நல்ல வழி தேடுவதை பிளானர் குறைத்துக்கொள்ளும். எனக்கு ஒத்துவந்தது 1.2இல் வந்த செலக்ட்இன் பாலிமார்ஃபிக்: முதலில் தாய்களை ஒரு குவெரியில் வாங்கி, பிறகு வந்திருக்கும் வகை ஒவ்வொன்றுக்கும் ஐடிகளைச் சேர்த்து ஒரு குவெரி. மூன்று வகை வந்தால் மொத்தம் நான்கு. படிக்கவும் சுலபம்.

அந்தக் குட்டியானைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏழு பிள்ளைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாற்காலிக்குத் தனியாக இருந்தது நிறம் மட்டும். லைட்டுக்கு வாட்ஸ். மணமேடைக்கு ஒரு போட்டோ. சவுண்டுக்கு ஒன்றுமே இல்லை, வம்சாவளியில் இடம் காலியாக இருக்கக் கூடாதே என்று பெற்றுப்போட்ட பிள்ளை. நான்கையும் தாய் டேபிளுக்குள் இழுத்தேன். எஸ்கியூஎல் ஆல்கெமியில் இரண்டு வழியையும் கலக்கலாம்: கிளாஸ் அப்படியே இருக்கும், தனி டேபிள் மட்டும் இராது, கேட்கும்போது வகைக் காலத்தைப் பார்த்துத் தானே ஃபில்டர் போட்டுக்கொள்ளும். காலியாகக் கிடக்கும் காலங்கள் அசிங்கம் என்று பட்டதே, அது போய்விட்டது. காலத்துக்கு நாட் நல் (காலியாக விடக் கூடாது என்ற விதி) போட முடியாதே என்பதற்கும் வழி இருக்கிறது. வகை லைட் என்றால் வாட்ஸ் காலியாக இருக்கக் கூடாது என்று டேபிளிலேயே ஒரு செக் எழுதினால் போதும். பாத்திரம், பந்தல், ஜெனரேட்டர் மூன்றுக்கு மட்டும் தனி டேபிள் நின்றது. அவற்றில்தான் உண்மையில் வேறு எதற்கும் பொருந்தாத விவரம் இருக்கிறது, வேறு டேபிள்களும் அவற்றைச் சுட்டுகின்றன: டீசல் கணக்கு ஜெனரேட்டரை மட்டும், ஈயம் பூசுகிற கணக்கு பாத்திரத்தை மட்டும்.

போஸ்ட்கிரெஸிலேயே டேபிளுக்கு டேபிள் மரபுரிமை இருக்கிறதே, இன்ஹெரிட்ஸ் என்று, அதைப் போட்டால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். தாய் டேபிளைச் சுட்டும் ஃபாரின் கீ அதில் பிள்ளை டேபிளின் வரிசைகளைக் கண்டுகொள்ளாது. வரி டேபிள் வைத்திருப்பவனுக்கு அது ஆகாது.

இப்போதெல்லாம் குவெரி எழுதும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில் டேபிள் பெயர்களை மட்டும் எழுதுகிறேன், எது எத்தனை தடவை வரும், எது இல்லாமலும் போகலாம் என்று. கிளாஸ் பெயரை எழுதுவதில்லை. காகிதத்துக்கும் லாகில் வரும் எஸ்கியூஎல்லுக்கும் ஒத்துப்போனால் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறேன்.

போன வாரம் அண்ணன் கூப்பிட்டார்.

“தம்பி, ஜெனரேட்டரோட ஒரு ஆபரேட்டர் போறான்ல, அவனுக்கும் ஒரு நாள் கூலி பில்லுல வரணும். சாமான் லிஸ்ட்லயே அவனையும் ஒரு வகையாப் போட்டுட முடியுமா?”

“ஆளை எப்படிண்ணே சாமான்ல போடுறது?”

“நோட்டுல அப்படித்தானே எழுதிட்டு இருந்தோம்.”

எடுத்துப் பார்த்தேன். சாமான் கட்டத்தில் ‘ஜெனரேட்டர் 1’, குறிப்பில் ‘62.5, ஆள் உண்டு’. சனிக்கிழமை நேரில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.